எட்டு மாதக் குழந்தையும் பிரிக்காத வீணை உறையும்

வாசகர் கடிதம்: "டாக்டர், எங்களுக்கு எட்டு மாதப் பெண் குழந்தை. ஈரோடு பக்கம், கூட்டுக் குடும்பம். நான் பத்து வருடம் வீணை கற்றவள். கல்யாணத்துக்குப் பிறகும் நாலைந்து பிள்ளைகளுக்குச் சொல்லிக் கொடுத்தேன். குழந்தை பிறந்ததிலிருந்து வீணையின் உறையைப் பிரிக்கவே இல்லை. மூளை வளர்ச்சிக்கு நல்லது என்று என் கணவர் போனில் ஏதோ வாத்திய இசையைப் போட்டுக் குழந்தையின் தலைமாட்டில் வைத்துவிடுகிறார். ராத்திரி முழுக்க ஓடுகிறது. அத்தை தாலாட்டுப் பாடித்தான் தொட்டிலில் தூங்க வைக்கிறார். ஆனால் அவருக்குச் சுருதி நிற்காது. குழந்தையின் காது கெட்டுப்போகுமோ என்று உள்ளூர ஒரு பயம், வெளியே சொன்னால் மனஸ்தாபம். மதியம் அவள் தூங்கும்போது குரோஷாவில் பொம்மை பின்னுகிறேன். அத்தையின் ஊரிலிருந்து ஒரு பனையோலைக் கிலுகிலுப்பையும் வந்திருக்கிறது. இதையெல்லாம் அவளிடம் கொடுக்கலாமா? பின்னியதைப் பார்த்துத் தோழிகள் விற்கச் சொல்கிறார்கள். கடைசியாக ஒன்று. தினமும் ஒரு மணி நேரமாவது வீணை வாசிக்க வேண்டும் போல இருக்கிறது. இந்த நேரத்தில் அப்படி ஆசைப்படுவது சுயநலமா?"

பதில்: முதலில் அந்தக் கிலுகிலுப்பையை எடுத்து மேலே வையுங்கள். மற்றதைப் பிறகு பேசுவோம்.

பனையோலை மேல் எனக்கு ஒரு குறையும் இல்லை. எடை கிடையாது, சத்தமும் காதை உறுத்தாது. உள்ளே என்ன போட்டிருக்கிறார்கள் என்பதுதான் என் கவலை. சிலர் பொடிக்கல் போடுவார்கள், சிலர் கைக்குக் கிடைத்த விதையைப் போடுவார்கள். அது குன்றிமணியாகவும் இருக்கலாம். குன்றிமணிக்குள் அப்ரின் என்ற கடுமையான நஞ்சு இருக்கிறது. தோல் உடையாத முழு விதையை விழுங்கினால் பெரும்பாலும் அப்படியே வெளியே வந்துவிடும். கடித்து உடைத்தாலோ, கோப்பதற்காக ஏற்கெனவே துளை போட்டிருந்தாலோ நிலைமை வேறு. எட்டு மாதக் குழந்தை எதையும் வாயால்தான் பார்க்கும். ஓலை முனையை நாள் முழுக்கச் சப்பி ஊற வைத்தால் பின்னல் விட்டுப்போக அதிக நாள் ஆகாது.

பிள்ளையார் சதுர்த்திக்குக் களிமண் பிள்ளையாருக்குக் கண் வைத்த குன்றிமணி வீட்டில் மிச்சம் கிடந்தால் அதையும் அப்புறப்படுத்துங்கள். பின்னிய பொம்மைக்குக் கண் வைக்க அழகாகத்தான் தோன்றும். வேண்டவே வேண்டாம். எப்போதாவது குழந்தை ஒரு விதையை வாயில் போட்டதாகச் சந்தேகம் வந்தால், வாந்தி எடுக்க வைக்க முயலாமல், மிச்ச விதையையும் எடுத்துக்கொண்டு நேராக மருத்துவமனைக்குப் போங்கள். அறிகுறிகள் பல மணி நேரம் கழித்துக்கூட வரும் என்பதால், குழந்தை சிரித்து விளையாடுகிறதே என்று காத்திருக்கக் கூடாது.

அத்தை வருத்தப்படுவார் என்றால் பழியை என் மேல் போடுங்கள். "உள்ளே என்ன இருக்கிறது என்று தெரியாத பொம்மை எதுவும் மூன்று வயது வரை கூடாது என்று டாக்டர் சொல்லிவிட்டார்" என்றால் போதும். கிலுகிலுப்பையை அவர் கையில் வைத்து ஆட்டிக் காட்டலாம், அதில் தடை இல்லை.

சரி, இப்போது உங்கள் கணவரின் போன். இந்த 'மூளை இசை' எங்கிருந்து வந்தது என்று அவருக்குத் தெரிந்தால் அவரே அணைத்துவிடுவார். 1993ல் நேச்சர் என்ற அறிவியல் இதழில் ஒரு சிறு ஆய்வு வந்தது. மோட்சார்ட்டின் ஒரு படைப்பைப் பத்து நிமிடம் கேட்ட கல்லூரி மாணவர்கள், காகிதத்தை மடித்து வெட்டினால் என்ன உருவம் வரும் என்பது போன்ற சோதனையில் கொஞ்சம் கூடுதலாக மதிப்பெண் எடுத்தார்கள். அந்தப் பலனும் கால் மணி நேரத்துக்குள் போய்விட்டது. அதில் குழந்தைகளே கிடையாது. ஆனால் 1998ல் அமெரிக்காவின் ஜார்ஜியா மாநில ஆளுநர், பிறக்கும் ஒவ்வொரு குழந்தைக்கும் இசைத்தட்டு கொடுக்கத் திட்டமே கொண்டுவந்தார். அப்புறம் அது உலகம் முழுக்க வியாபாரமாகிவிட்டது.

பயன் இல்லை என்பதோடு விட்டிருந்தால் நானும் பேசாமல் இருந்திருப்பேன். தலைமாட்டில், ராத்திரி முழுக்க என்று எழுதியிருக்கிறீர்களே, அதுதான் இடிக்கிறது. குழந்தைகளைத் தூங்க வைப்பதற்காக விற்கும் 14 ஒலிக் கருவிகளை 2014ல் கனடாவில் அளந்து பார்த்தார்கள். ஓர் அடி தூரத்தில் முழுச் சத்தத்தில் வைத்தபோது எல்லாமே 50 டெசிபலைத் தாண்டின. மருத்துவமனைகளில் பச்சிளங்குழந்தைகள் இருக்கும் அறைக்குப் பரிந்துரைக்கப்படும் உச்ச அளவு அது. மூன்று கருவிகள் 85ஐயும் தாண்டின. அது தொழிற்சாலையில் வேலை செய்பவர்களுக்கே நாளெல்லாம் கூடாது என்கிற அளவு. ஆகவே இசை போடுவதென்றால் போன் குழந்தையிலிருந்து ஏழடியாவது தள்ளி இருக்கட்டும். பக்கத்தில் நின்று மெல்லப் பேசினால் உங்கள் பேச்சு தெளிவாகக் கேட்கும் அளவுக்குச் சத்தம் போதும். அவள் தூங்கியதும் அணைத்துவிடுங்கள். போனில் படமும் ஓடுகிறதா என்று நீங்கள் எழுதவில்லை. ஓடினால் அதை இன்றே நிறுத்துங்கள். இரண்டு வயது வரை திரையே வேண்டாம் என்பதுதான் இந்தியக் குழந்தை மருத்துவர் சங்கத்தின் நிலைப்பாடு.

போனில் ஓடும் இசைக்கும் மடியில் வைத்துப் பாடுவதற்கும் உள்ள வித்தியாசத்தைக் கனடாவின் மெக்மாஸ்டர் பல்கலைக்கழகத்தில் நேரடியாகவே சோதித்திருக்கிறார்கள். ஆறு மாதக் குழந்தைகளை இரண்டு குழுவாகப் பிரித்தார்கள். ஒரு குழுவில் பெற்றோரும் குழந்தையும் சேர்ந்து தாலாட்டு, கையசைவுப் பாட்டு என்று வாராவாரம் பாடினார்கள், தாளம் தட்டினார்கள். மற்றதில் குழந்தைகள் பொம்மைகளோடு விளையாட, பின்னணியில் இசை மட்டும் ஓடியது. ஆறு மாதம் கழித்துப் பார்த்தபோது, சேர்ந்து பாடிய குழந்தைகள் விரல் நீட்டிக் காட்டுவது, டாட்டா காட்டுவது போன்ற சைகைகளில் முந்தியிருந்தார்கள். அதிகம் சிரித்தார்கள், சமாதானப்படுத்தவும் எளிதாக இருந்தது. 2012ல் வெளிவந்த ஆய்வு. கணவரிடம் காட்ட வேண்டியது இதைத்தான். அவரையே பாடச் சொல்லுங்கள். வெட்கப்பட்டால், குளிப்பாட்டும்போது தண்ணீர் சத்தத்தோடு ஆரம்பிக்கலாம்.

இசை என்றதும் இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன். காதுகுத்துக்கும் முதல் பிறந்தநாளுக்கும் பாட்டுப் பாடும் பொம்மைகள் வந்து குவியும். அவற்றுக்குள்ளும், திறந்தால் பாடும் வாழ்த்து அட்டைக்குள்ளும், காசு போலத் தட்டையான பட்டன் பேட்டரி இருக்கும். அது உணவுக்குழாயில் சிக்கினால் இரண்டு மணி நேரத்துக்குள் சதையை அரிக்க ஆரம்பித்துவிடும். பேட்டரி மூடிக்கு ஸ்க்ரூ இல்லாத பொம்மை எதுவானாலும் நன்றி சொல்லி வாங்கி உள்ளே வைத்துவிடுங்கள். விழாவன்று நாதஸ்வரம், தவிலுக்குப் பக்கத்திலும் ஸ்பீக்கர் பெட்டிக்கு முன்னாலும் குழந்தையோடு உட்கார வேண்டாம்.

அத்தையின் சுருதிக்கு வருவோம். வீணை படித்த உங்களுக்கு அது எவ்வளவு சங்கடம் என்று புரிகிறது. ஆனால் குழந்தையின் காது அதனால் கெடாது. காது சுற்றியிருக்கும் இசைக்குப் பழகுகிறது என்பது உண்மைதான். 2005ல் வந்த ஆய்வுகளில் வட அமெரிக்கக் குழந்தைகளுக்கு, அங்கே பழக்கமில்லாத பால்கன் நாட்டுப்புற இசையைக் கேட்க வைத்தார்கள். அதன் தாளம் ஐந்து, ஏழு என்று சமமில்லாமல் நடப்பது. நமக்கு ஏழு எண்ணிக்கைத் தாளமான மிஸ்ர சாப்பு போல. அதில் வேண்டுமென்றே செய்த பிழையை ஆறு மாதக் குழந்தைகள் கவனித்தார்கள். பன்னிரண்டு மாதக் குழந்தைகள் பெரியவர்களைப் போலவே கோட்டைவிட்டார்கள். ஆனால் இரண்டு வாரம் வீட்டில் அந்த இசையைக் கேட்டதும், பன்னிரண்டு மாதக் குழந்தைகளுக்கு மறுபடி பிடிபட்டுவிட்டது. இவ்வளவு இளகிய காது அது. உங்கள் சரளி வரிசையும் அத்தையின் தாலாட்டும் ஒரே வீட்டில் ஒலித்தால் இரண்டுக்கும் அதில் இடம் உண்டு.

இன்னொன்று, அத்தை பாடும்போது குழந்தை கேட்பது சுருதியை மட்டும் அல்ல. நிதானமான ஒரே நடை, திரும்பத் திரும்ப வரும் அதே வரி, பக்கத்தில் தெரிந்த முகம், தட்டிக் கொடுக்கும் கை. நீங்கள் சுத்தமான நீலாம்பரி ராகத்தில் பாடினாலும் இதைத்தான் முதலில் எடுத்துக்கொள்ளும். அத்தை பாடும் வரிகளைக் கேட்டு எழுதி வையுங்கள் என்றும் சொல்வேன். மாமன் சீரையெல்லாம் பட்டியல் போடும் அந்தப் பாட்டுகள் வீட்டுக்கு வீடு மாறும், பல அச்சில் கிடைக்காது.

நம் பிள்ளைத்தமிழ்ப் பருவங்களைப் பாருங்கள். ஐந்தாம் மாதம் செங்கீரை, ஏழில் தால், ஒன்பதில் சப்பாணி, பதினொன்றில் முத்தம், பதின்மூன்றில் வாரானை. கையூன்றித் தலைநிமிர்த்தி ஆடுவது, நாக்கை அசைத்து 'தா தா' என்பது, உட்கார்ந்து கைகொட்டுவது, கூப்பிட்டால் தளர்நடையில் வருவது. வளர்ச்சியைக் கணக்கிட நாங்கள் வைத்திருக்கும் அட்டவணையோடு பக்கத்தில் வைத்துப் பார்த்தால் பெரிய வித்தியாசம் இல்லை. உங்கள் மகள் இப்போது தாலுக்கும் சப்பாணிக்கும் நடுவில் இருக்கிறாள். இந்த வயதில் அவளுக்கு இசைப் பயிற்சி என்றால் அது கைகொட்டுவதுதான். ஒரு எவர்சில்வர் தட்டும் மரக்கரண்டியும் கொடுங்கள். தான் தட்டினால் சத்தம் வருகிறது என்ற கண்டுபிடிப்பில் அவள் அரை மணி நேரம் மூழ்கிவிடுவாள். உங்களுக்குத் தலைவலி வரும், அதற்கு நான் பொறுப்பில்லை.

நீங்கள் கேட்காத ஒன்று: தொட்டில். அது சேலைத் தொட்டில் என்றால் விட்டுவிடும் வயது வந்துவிட்டது. எட்டு மாதத்தில் எழுந்து உட்காரும், துணியைப் பிடித்துக்கொண்டு எட்டிப் பார்க்கும், தலைகுப்புற விழும். கழுத்தைத் துணி சுற்றிக்கொள்ளும் ஆபத்தும் உண்டு. தரையில் பாய் விரித்து, மேலே பழைய வேட்டியை இறுக்கமாக விரித்து மல்லாக்கப் படுக்க வைத்து, பக்கத்தில் உட்கார்ந்து அத்தை அதே தாலாட்டைப் பாடட்டும். பழக ஒரு வாரம் போல அழுவாள்.

அடுத்து குரோஷா. பின்னுவதைப் பற்றி எழுதும்போதுதான் உங்கள் கடிதத்தில் கொஞ்சம் உற்சாகம் தெரிந்தது, அதனால் விரிவாகவே சொல்கிறேன். எட்டு மாதத்துக்குக் கரடியும் முயலும் தேவையே இல்லை. அந்த அழகு நமக்கு. குழந்தைக்குக் கையில் அடங்க வேண்டும், ஒரு கையிலிருந்து மறு கைக்கு மாற்ற வர வேண்டும், கடிக்க வேண்டும். முஷ்டி அளவு பந்து, வளையல் போன்ற தடித்த வளையம், பக்கத்துக்கு ஒரு விதமான பின்னல் போட்ட கட்டை, இவை போதும். வாய்க்குள் முழுதாகப் போகும் எதையும் பின்ன வேண்டாம். மூன்று வயதுக்குக் கீழ் உள்ளவர்களின் பொம்மைப் பாகங்களைச் சோதிக்கும் உருளையின் வாய் 31.7 மில்லிமீட்டர் அகலம். அதற்குள் அடங்குவது எதுவும் மூச்சுக்குழலை அடைக்கலாம் என்று கணக்கு. பிளாஸ்டிக் கண், பட்டன், மணி எதுவும் வேண்டாம். பின்னால் பூட்டு வைத்த கண்ணாக இருந்தாலும் பின்னல் நெகிழ்ந்தால் துளை வழியே வந்துவிடும். கண்ணும் மூக்கும் நூலால் தைத்ததாகவே இருக்கட்டும்.

உல்லன் நூலை விட மெர்சரைஸ்டு பருத்தி நூல் நல்லது. நார் பிரியாது, வாயில் ஒட்டாது, வெந்நீரில் அலசலாம். நூலுக்குச் சொன்ன அளவை விட ஒரு அளவு சின்ன ஊசியில் இறுக்கமாகப் போடுங்கள். இழுத்துப் பார்த்தால் உள்ளே இருக்கும் பஞ்சு கண்ணில் படக் கூடாது. இலவம் பஞ்சு தலையணைக்குச் சரி, இதற்குச் சரிவராது. துவைத்தால் கட்டி தட்டும், விதையும் கலந்திருக்கும். தொங்கும் கயிறு எதற்கும் 22 சென்டிமீட்டர் வரம்பு என்பது ஐரோப்பியத் தர விதி, ஏறத்தாழ ஒரு சாண். இந்த வயதில் நான் அந்த ஒரு சாணும் வேண்டாம் என்பேன். தொட்டிலுக்கு மேலே பின்னிய குருவி எதையாவது தொங்கவிட்டிருந்தால் கழற்றிவிடுங்கள். கையூன்றி எழத் தெரிந்த குழந்தைக்கு அது எட்டும். எவ்வளவு மென்மையான பொம்மையானாலும் ஒரு வயது வரை படுக்கையில் கூடாது, விழித்திருக்கும்போது விளையாடட்டும்.

கையுறை, காலுறை பின்னுகிறீர்களா? பின்னினால் ஒவ்வொரு முறையும் போடுவதற்கு முன் உட்புறத்தை வெளியே திருப்பிப் பாருங்கள். உள்ளே ஒரு இழை நீட்டிக்கொண்டிருந்தால் அது கால்விரலில் சுற்றி இறுகி ரத்த ஓட்டத்தையே நிறுத்திவிடும். காரணம் தெரியாமல் வீறிட்டு அழும் குழந்தையின் காலுறையைக் கழற்றி விரல்களைப் பார் என்பது எங்களுக்கு மாணவப் பருவத்திலேயே சொல்லித்தரும் பாடம். நூலை விட அம்மாவின் தலைமுடிதான் இதற்கு அதிகக் காரணம். பிரசவம் முடிந்து மூன்று மாதத்திலிருந்து முடி கொத்துக் கொத்தாகக் கொட்டும், அது பின்னலோடு சேர்ந்துவிடும். முடியைக் கட்டிக்கொண்டு பின்னுங்கள். கம்பளித் தொப்பி பின்னும் எண்ணம் இருந்தால், ஈரோட்டு வெயிலுக்கு அது எதற்கு என்று எனக்குப் புரியவில்லை. புகைப்படத்துக்கு இரண்டு நிமிடம் போட்டுக் கழற்றிவிடுங்கள்.

விற்பதைப் பற்றி. 14 வயதுக்குட்பட்டவர்களுக்கான பொம்மைகளுக்கு 2021 ஜனவரி முதல் இந்தியாவில் ஐ.எஸ்.ஐ. முத்திரை கட்டாயம். மத்திய அரசின் கைவினை வளர்ச்சி ஆணையர் அலுவலகத்தில் பதிவு செய்த கைவினைஞர்கள் தாங்களே செய்து விற்கும் பொருளுக்கு விலக்கு இருக்கிறது. பதிவு இல்லாமல் ஆர்டர் எடுக்காதீர்கள். அது முடியும் வரை பை, தோரணம், மேஜை விரிப்பு விற்கலாம், அவற்றை யாரும் வாயில் வைக்கமாட்டார்கள்.

இனி வீணை. சுயநலம் இல்லை. ஆசை இருக்கிறது என்று படித்ததும் எனக்கு நிம்மதிதான் வந்தது. எதிலும் மனம் ஒட்டவில்லை, எடுத்தாலும் வாசிக்கத் தோன்றவில்லை என்று எழுதியிருந்தால் உடனே ஒரு மருத்துவரைப் பார்க்கச் சொல்லியிருப்பேன். குழந்தையின் வளர்ச்சிக்காக வாசிக்கிறேன் என்று வீட்டில் காரணம் சொல்லி அனுமதி வாங்காதீர்கள். நீங்கள் வீணை வாசிப்பவர், அதனால் வாசிக்கிறீர்கள். அவளுக்கு அதில் கிடைப்பது கிடைக்கட்டும்.

இப்போதைக்கு ஒரு மணி நேரம் கிடைக்காது. அதற்காகச் சண்டையும் வேண்டாம். காலையில் பால் குடித்து முடித்த பிறகு இருபது நிமிடம், அவள் கண்ணெதிரே. எட்டு, ஒன்பது மாதத்தில் அம்மா கண்ணிலிருந்து மறைந்தால் குழந்தை பதறும் பருவம். கதவைச் சாத்திக்கொண்டு வாசித்தால் அழுகைதான் சுருதியாக இருக்கும். வீணையின் சத்தம் காதுக்கு ஆபத்தில்லாதது. ஆபத்து வேறு இடத்தில் இருக்கிறது. சுவரில் சாய்த்து வைத்த வீணையைப் பிடித்து எழ முயன்றால் அவ்வளவு எடையும் மேலே விழும். வாசிக்காத நேரத்தில் பெட்டியிலோ கட்டிலுக்கு மேலோ படுக்கை வாட்டில் இருக்கட்டும். விரலில் மாட்டும் கம்பி மீட்டியைக் கழற்றி அப்படியே பாயில் வைக்கும் பழக்கம் பலருக்கு உண்டு. அது தொண்டையில் சிக்கும் அளவு, மூடி போட்ட டப்பாவில் போடுங்கள். இத்தனை மாதம் சும்மா இருந்த கம்பியை முறுக்கிச் சுருதி சேர்க்கும்போது அறுந்து தெறிக்கலாம், அப்போது மட்டும் அவள் வேறு அறையில் இருக்கட்டும். மெழுகில் பதித்த மெட்டுகளை நோண்டத்தான் செய்வாள். நீங்கள் கையைப் பிடித்து ஒரு கம்பியைத் தட்டவிட்டு, போதும் என்று நகர்த்திவிடலாம்.

மீதி நாற்பது நிமிடத்தைக் கணவர் தர வேண்டும். சாயங்காலம் அவர் குழந்தையைத் தூக்கிக்கொண்டு தெருமுனை வரை நடந்துவிட்டு வரட்டும், தினமும் இல்லாவிட்டாலும் வாரத்தில் நாலு நாள். அவள் தூங்கும் மதிய நேரத்தைப் பின்னலுக்கும் வீணைக்கும் பங்கு போடாதீர்கள், அதில் பாதியாவது நீங்கள் தூங்க வேண்டும்.

கையைப் பற்றி ஒரு எச்சரிக்கை. குழந்தையை அக்குளில் பிடித்துத் தூக்கித் தூக்கி, கட்டைவிரல் அடியில் மணிக்கட்டு ஓரமாக ஒரு வலி வரும். கைக்குழந்தை உள்ள அம்மாக்களுக்குச் சாதாரணமாக வருவதுதான், ஆனால் உங்களுக்குக் குரோஷா ஊசியும் வீணையும் சேர்ந்து மூன்று சுமை. கட்டைவிரலை உள்ளங்கையில் மடக்கி, மணிக்கட்டைச் சுண்டுவிரல் பக்கமாகச் சாய்த்தால் சுளீரென்று வலிக்கிறதா என்று பாருங்கள். வலித்தால் இரண்டு வாரம் குரோஷா ஊசியைத் தொடாதீர்கள், குழந்தையை முழங்கையும் உள்ளங்கையும் தாங்கத் தூக்குங்கள். குறையாவிட்டால் எலும்பு மருத்துவரிடம் காட்டுங்கள், இழுத்தடிக்க வேண்டாம்.

ஒன்பதாம் மாத எம்.ஆர். (தட்டம்மை, ரூபெல்லா) தடுப்பூசிக்கு இன்னும் சில வாரம்தான் இருக்கிறது. அதற்குள் ஒன்றை மட்டும் கவனித்து வையுங்கள். பின்னால் நின்று மெல்லப் பெயர் சொன்னால் திரும்புகிறாளா? 'தா தா', 'பா பா' என்று அடுக்கிச் சொல்கிறாளா? பிறந்தபோது காதுப் பரிசோதனை செய்தார்களா என்று டிஸ்சார்ஜ் தாளிலும் பாருங்கள். இதில் எதற்காவது பதில் "இல்லை" என்று வந்தால், ஊசி போடும் அன்றே அங்கிருக்கும் மருத்துவரிடம் சொல்லிக் காதுப் பரிசோதனைக்கு எழுதி வாங்கிக்கொள்ளுங்கள்.